எடை மெஷின் பக்கத்துப் பேச்சு

பற்பசை ஒன்று, இருமல் மிட்டாய் ஒரு பொட்டலம், பஞ்சு ஒரு கட்டு. இந்த மூன்றையும் வாங்கிய பிறகும் ஒரு பெண் கடையை விட்டு நகராமல், சுவரில் ஒட்டியிருக்கும் கொசு மருந்து விளம்பரத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தால், மருந்தம்மாவுக்கு விஷயம் புரிந்துவிடும். கவுன்டரின் மடக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவாள். "எடை பாத்து ரொம்ப நாளாச்சு போலிருக்கே. வாங்க, ஏறி நில்லுங்க" என்பாள். வந்தவளும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிக்கொள்வாள். முள் ஆடி நிற்பதற்குள் கேள்வி வந்துவிடும்.

எடை மெஷின் இருப்பது கடையின் கோடியில், குழந்தைகளுக்கான டயப்பர் அடுக்குக்குப் பின்னால். அதை அங்கே நகர்த்தி வைத்தவளே மருந்தம்மாதான். இரண்டு பெண்கள் தலையைக் குனிந்து, காலடியில் உள்ள முள்ளைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தால் யாருக்கும் சந்தேகம் வராது. எடை என்பது எல்லாரும் மெதுவாகப் பேசுகிற சமாச்சாரம். அதில் ஏறி இறங்குகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் எடை எவ்வளவு என்று தெரியாது என்பதை அந்தத் தெருவில் இதுவரை எந்த ஆணும் கவனித்ததில்லை.

வெள்ளை அங்கியில் அவளுடைய உண்மையான பெயர் பொறித்த பட்டை குத்தியிருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. இருபத்தாறு வருடமாக மருந்தம்மா, அவ்வளவுதான். வயது ஐம்பத்து மூன்று. ஒரு கண்ணாடி மூக்கில் இருக்கும், ஒன்று தலைமேல் ஏறியிருக்கும், மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பாள். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருப்பாள். இடது பக்கம் காது முழுவதும் மூடியிருக்கும், வலது பக்கம் காது பளிச்சென்று வெளியே தெரியும். புதிதாக வந்த மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் இது ஏதோ புது ஃபேஷன் என்று நினைத்து, எந்தப் பார்லரில் வெட்டிக்கொண்டீர்கள் என்று மனைவிக்காக விசாரித்தார். "அங்க ஒரு தலைக்கு மேல எடுத்துக்க மாட்டாங்க" என்று அனுப்பிவைத்தாள்.

எடை மெஷின் மேல் ஏறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் நாற்பத்தெட்டிலிருந்து அறுபது வயதுக்குள் இருக்கும். மாதவிலக்கு நின்றுபோனவர்கள், அல்லது நிற்கட்டுமா வேண்டாமா என்று அது ஆட்டம் காட்டிக்கொண்டிருப்பவர்கள். திடீர் திடீரென்று உடம்பு தீயாய்க் கொதித்து வியர்த்துக் கொட்டுகிறது, தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று டாக்டரிடம் போய், ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் எழுதிய சீட்டோடு திரும்பியவர்கள். டாக்டர் எதிரில் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் சந்தேகம் பிடித்துக்கொண்டவர்கள்.

"இதைப் போட்டா குண்டாயிடுவேனா?" என்பது எல்லாருக்கும் முதல் கேள்வி. அதையும் எடை மெஷின் மேல் நின்றுகொண்டே கேட்பார்கள்.

"இதனாலதான் குண்டாவாங்கன்னு சொல்ல ஆதாரம் இல்லம்மா. போட்டாலும் போடாட்டியும் இந்த வயசுல இடுப்பு கொஞ்சம் கூடுதலா இடம் கேக்கும். அந்தப் பழியைத் தூக்கி மருந்து மேல போடாதீங்க."

"மறுபடியும் மாசாமாசம் வந்து தொலைக்குமா?"

"ஆரம்பத்துல சிலருக்குக் கொஞ்சம் அப்படி இப்படிப் படும். சில மாசத்துல அடங்கிடும். அடங்கலைன்னாலோ, நல்லா நின்னு போனது திடீர்னு வந்தாலோ, என்கிட்ட வந்து நிக்காதீங்க. நேரா டாக்டர்கிட்ட ஓடுங்க."

உடனே கேட்குமா என்று அவசரப்படுகிறவளிடம், "தலைவலி மாத்திரையா இது? மூணு மாசமாவது டைம் குடுங்க" என்பாள். எத்தனை வருடம் போடலாம் என்பவளிடம், "அதுக்கு ஒரே கணக்கு கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரும் நீங்களும் உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க." தோலில் ஒட்டிக்கொள்கிற ஈஸ்ட்ரோஜன் பேட்ச் குளித்தால் உரிந்துவிடுமா என்பவளிடம், "உரியாது. தேய்ச்சுப் பிடுங்காம இருந்தா சரி. ஒட்டின இடத்துலயே மறுபடி ஒட்டாதீங்க. மார்புல ஒட்டவே கூடாது" என்பாள். நாற்பத்தொன்பது வயது தலைமையாசிரியை ஒருத்தி, மிகுந்த கௌரவத்தோடு, இனிமேல் கருத்தடை ஒன்றும் வேண்டாம்தானே என்று கேட்டாள். "அந்த வேலையை இது செய்யாது டீச்சர். நீங்களும் உங்க பொண்ணும் ஒரே பிரசவ வார்டுல பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல படுக்கணும்னு ஆசையா?" தலைமையாசிரியை சிரித்த சிரிப்பில் முள் ஐந்து கிலோ ஏறி இறங்கியது.

ஒரு கேள்விக்கு மட்டும் இந்தக் கேலி எல்லாம் ஓய்ந்துவிடும். "மார்புல புற்றுநோய் வந்துடுமா?"

அதற்கு அவளிடம் ஒரே பதில்தான். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்வாள். "ஆயிரம் பேரை எடுத்துக்கிட்டா, இதைத் தொடாமலே சில பேருக்கு வரும். கர்ப்பப்பை இருக்கறவங்க ரெண்டு மருந்து சேர்த்துப் போடணும். அப்படி வருஷக்கணக்குல போட்டா, அந்தச் சில பேருக்கு மேல இன்னும் கொஞ்சம் பேருக்கு வரும். கர்ப்பப்பை எடுத்தவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். அவங்களுக்கு அந்தக் கூடுதல் ரொம்பக் கம்மி, இல்லாமலும் இருக்கலாம். உங்க வீட்டுல யாருக்காவது வந்திருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு நீங்களே முடிவெடுங்க." மற்ற நேரமெல்லாம் கண்ணைப் பார்த்துப் பேசுகிறவள், இதைச் சொல்லும்போது முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

காரணம் அவளுடைய அக்கா. ஏழு வருடத்துக்கு முன்னால், அப்போது ஐம்பத்து நான்கு வயதாயிருந்த அக்கா, இதே மாதிரி ஒரு சீட்டோடு இதே கடைக்கு வந்தாள். முடிதிருத்தும் கடை வைத்திருந்தவள். வியர்வையில் கத்தரிக்கோல் கைநழுவுகிறது, வாடிக்கைக்காரியின் காதைக் கொய்துவிடப்போகிறேன் என்று பயந்துபோய் வந்தாள். மருந்தம்மா அவளுக்கும் எல்லாம் சொன்னாள். இரண்டு மருந்தையும் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். நான்கு வருடம் மாதம் தவறாமல் கொடுத்தாள். நான்காம் வருட முடிவில் அக்காவின் இடது மார்பில் கட்டி வந்தது. அறுவை, அப்புறம் கீமோ, அப்புறம் கதிர்வீச்சு. பிழைத்துக்கொண்டாள், நன்றாகவும் இருக்கிறாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. விரல் நுனிகள் மட்டும் கீமோவில் மரத்துப்போனது திரும்பவேயில்லை. கடையை மூடிவிட்டாள். உலகத்தில் ஒரே ஒரு தலைக்கு மட்டும் இன்னமும் முடி வெட்டுகிறாள்.

அந்த மருந்தால்தான் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அக்கா அதைப் பற்றி ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. தங்கையும் கேட்டதில்லை. ஊரார் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பவளுக்கு, மூன்று வருடமாகத் தன் கேள்வி ஒன்றைக் கேட்க நாக்கு எழவில்லை. என் மேல் கோபமா என்பதுதான் அந்தக் கேள்வி.

இதற்கு நடுவில் அவளுக்கும் அந்தக் காலம் வந்து சேர்ந்தது. சும்மா வரவில்லை, வட்டியோடு வந்தது. கடையில் இன்ஸுலின் வைக்கிற ஃப்ரிட்ஜின் குளிர்நிலையைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பார்த்துத் தாளில் எழுதவேண்டும் என்பது விதி. மருந்தம்மா இப்போது ஒரு நாளைக்குப் பதினொரு தடவை எழுதுகிறாள். உடம்பில் அடுப்பு மூண்டதும் போய்க் கதவைத் திறந்து, முகத்தை உள்ளே கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். யாராவது பார்த்தால் சட்டென்று பேனாவை எடுத்துக்கொள்வாள். சோதனைக்கு வந்த மருந்து ஆய்வாளர் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இப்படிப்பட்ட பொறுப்பைத் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மற்றவர்கள் விஷயத்தில் அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற பெண் ஒருத்தி மாதாமாதம் பேட்ச் வாங்க வருவாள். சத்தமாகப் பேசுவாள், சத்தமாகச் சிரிப்பாள், எடை மெஷினை மட்டும் மதித்துக் குரலைத் தாழ்த்துவாள். போன மாதம் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மருந்தம்மா கூப்பிட்டு நிறுத்தினாள்.

"இன்னொண்ணு எங்க?"

"எது?"

"அந்த உருண்டை மாத்திரை. ரெண்டு மாசமா வாங்கலையே."

"அது வேண்டாம் மருந்தம்மா. போட்டாக் கண்ணைச் சொருகுது. நாப்பது புள்ளைங்களை ஏத்திக்கிட்டு நான் தூங்கி வழியவா?"

"எப்பப் போட்டீங்க?"

"காலைல. வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, மறக்காம."

"படுக்கும்போது போடணும்னு டப்பாவுல ஒட்டிக் குடுத்திருக்கேனே!"

"டப்பாவை யாரு பாத்தா?"

மருந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அவளை இழுத்துக்கொண்டுபோய் மெஷின் மேல் ஏற்றினாள். "ஒட்டறதை மட்டும் போட்டுக்கிட்டு அதை விட்டா, கர்ப்பப்பையோட உள்சுவர் தடிச்சுக்கிட்டே போகும். வருஷக்கணக்குல விட்டா அங்கயே புற்றுநோய் வரவும் வழியிருக்கு. அதைக் காவல் காக்கத்தான் அந்த மாத்திரை. நீங்க கதவைச் சாத்தாம பஸ்ஸை எடுப்பீங்களா? அப்படித்தான் இதுவும்." அங்கேயே நின்று டாக்டரின் கிளினிக்குக்கு போன் போட்டு, அந்த வாரத்திலேயே ஒரு நேரம் வாங்கிக் கொடுத்தாள். ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தது. ஓட்டுநர் மெஷினிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்:

"ஆமா, நீங்க எதைப் போட்டுக்கறீங்க?"

"நானா? எனக்கு ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லையா? முகத்துல மழை கொட்டுது மருந்தம்மா."

அவள் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, இன்றைக்கு வெயில் அதிகம் என்றாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

வெயில் என்று எத்தனை நாள்தான் சொல்லமுடியும்? ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அது நடந்தது. மூன்று நாளாகச் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கியிருக்கவில்லை. கவுன்டரில் இரண்டு காகிதப் பைகள் கட்டித் தயாராக இருந்தன. ஒன்று கைத்தடி ஊன்றி வரும் பெரியவருக்கான ரத்த அழுத்த மாத்திரை. மற்றது ஒரு பெண்மணியின் தைராய்டு மாத்திரை. பெரியவர் போன கொஞ்ச நேரத்தில் மீதியிருந்த பையின் மேல் எழுதியிருந்த பெயரைப் படித்தாள். மீதியிருந்தது பெரியவருடையது.

மடக்குப் பலகையைத் தூக்கவும் மறந்து, குனிந்து அடியில் நுழைந்து, அங்கியோடு தெருவில் ஓடினாள். நல்லவேளை, பெரியவர் பஸ் நிறுத்தத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பையைப் பிரித்து, டப்பாவைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதிலிருந்த பெயரைப் படித்துக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க நின்றவளைப் பார்த்து, "ஏம்மா, திருமதின்னு போட்டிருக்கே. என்னை எப்பம்மா கட்டிக்குடுத்தீங்க?" என்று கேட்டார். அவளும் சிரித்தாள். பைகளை மாற்றிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கடைக்குத் திரும்பி, டயப்பர் அடுக்குக்குப் பின்னால் போய், எடை மெஷின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். இருபத்தாறு வருடத்தில் இது முதல் தவறு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பையையும் மூன்று முறை பார்த்தாள். கட்டியதைப் பிரித்தாள், பிரித்ததைக் கட்டினாள். கடைக்கு வெளியே வரிசை நீண்டது. கூட வேலை செய்கிறவரிடம் தான் எடுத்து வைத்ததையெல்லாம் ஒருமுறை சரிபார்க்கச் சொன்னாள். வாய்விட்டு யாரிடமும் சொல்லாவிட்டாலும், வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தாள். தன் கையை நம்பமுடியாமல் மருந்துக் கடையில் எப்படி நிற்பது? அந்தக் கவுன்டரை எடுத்துவிட்டால் அவளிடம் மிஞ்சுவது என்ன என்று அவளுக்கே தெரியவில்லை.

வார விடுமுறையன்று டாக்டரிடம் போனாள். நாள்தோறும் அவருடைய சீட்டுகளைப் படிக்கிறவள், அவர் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான் இரண்டாவது தடவை. தன் கதையைத் தானே ஒப்பித்தாள். நாற்பத்து நான்கில் நார்க்கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுத்தாயிற்று, ரத்த அழுத்தம் இல்லை, ரத்தம் உறைந்த வரலாறு இல்லை.

"குடும்பத்துல யாருக்காவது மார்புப் புற்றுநோய்?"

"அக்காவுக்கு."

"எந்த வயசுல?"

"ஐம்பத்தெட்டு." பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள்: "இதைத்தான் போட்டுக்கிட்டிருந்தா. நான்தான் குடுத்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அவங்களுக்கு அதனாலதான் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது. யாராலயும் முடியாது. உங்க அக்காவுக்கு வந்ததால உங்களுக்குச் சாதாரணமா இருக்கறதைவிடக் கொஞ்சம் அதிகம் ஜாக்கிரதை வேணும், அவ்வளவுதான். அதுக்காக இந்த மருந்தே கூடாதுன்னு இல்ல. உங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். முதல்ல மேமோகிராம் எடுப்போம். வேண்டாம்னு தோணினா ஹார்மோன் இல்லாத வேற வழியும் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க." எடை மெஷின் பக்கத்தில் அவளே சொல்லுகிற பேச்சுதான். கேட்கிற இடத்தில் உட்கார்ந்தபோது அது புதிதாக இருந்தது.

மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மேமோகிராமில் குறையொன்றும் இல்லை. சீட்டு வந்தது. பேட்ச் டப்பா கைப்பைக்குள் போனது. பதினெட்டு நாள் அங்கேயே கிடந்தது. சாவியைத் தேடும்போதெல்லாம் கையில் இடறியது. எழுதிக் கொடுத்ததை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கிறவர்களை நாள் முழுக்கத் திட்டித் தீர்க்கிறவளுக்கு, தன் டப்பாவின் மூடியைத் திறக்கக் கை வரவில்லை. பயம் மருந்தின் மேல் இல்லை. அக்காவைப் படுக்கையில் தள்ளியதோ என்னவோ, அந்த மருந்தைப் போட்டுக்கொண்டு தான் மட்டும் நிம்மதியாகத் தூங்கி எழுவதை அவளால் நினைத்துப் பார்க்கமுடியவில்லை.

மாதத்தின் கடைசி ஞாயிறு முடி வெட்டுகிற நாள். அக்காவின் சமையலறையில் ஜன்னல் ஓரமாக நாற்காலி போட்டு, கழுத்தைச் சுற்றிப் பழைய படுக்கை விரிப்பைக் கட்டிவிடுவாள் அக்கா. கண்ணாடி கிடையாது. "பாத்துட்டு அது சரியில்ல இது சரியில்லம்ப" என்பது அக்காவின் கட்சி. மரத்த விரல்களுக்குக் கத்தரிக்கோலின் வளையம் தெரிவதில்லை என்பதால், நழுவாமல் இருக்கத் துணி சுற்றி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் முடியைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடிப்பாள். அரை மணியில் முடிகிற வேலைக்கு ஒன்றரை மணி ஆகும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத் தங்கை காதில் இரண்டு வெட்டுக்காயமும் வாங்கியிருக்கிறாள், மறுபேச்சுப் பேசியதில்லை.

அன்றைக்குப் பாதி வெட்டில் அடுப்பு மூண்டது. கழுத்திலிருந்து வியர்வை அருவியாய் இறங்கி விரிப்பை நனைத்தது.

"என்னடி இது, தலைக்குக் குளிச்சிட்டு வந்தியா?"

"இங்க புழுக்கமா இருக்கு."

"ஜன்னல் திறந்திருக்கு. நான் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நிக்கறேன்." அக்கா விரிப்பின் முனையால் கழுத்தைத் துடைத்துவிட்டாள். "எத்தனை நாளா?"

"ஒன்றரை வருஷமா."

"மருந்துக் கடைக்கே நோயா? ஏன் ஒண்ணும் போட்டுக்கல?"

தங்கைக்கு எதிரில் இருந்தது ஜன்னலும் எதிர்வீட்டுச் சுவரும்தான். முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை. அந்தத் தைரியத்தில் வாய் திறந்தது.

"அக்கா, அந்த மாத்திரையை நான்தானே உனக்குக் குடுத்தேன்."

கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"அதனாலதான் உனக்கு வந்துச்சோன்னு..."

"டாக்டர் அப்படிச் சொன்னாரா?"

"யாராலயும் சொல்ல முடியாதுன்னாங்க."

"அப்ப உனக்கு மட்டும் யாருடி வந்து சொன்னது?" அக்கா நாற்காலியைச் சுற்றி முன்னால் வரவில்லை. பின்னாலேயே நின்றாள். "மூணு வருஷமா இதையா வயித்துல கட்டிக்கிட்டு அலையற? மாசாமாசம் இங்க வந்து காதைக் குடுத்துக்கிட்டு?"

"உனக்கு என் மேல கோபம் இல்லையா?"

அக்கா விரிப்பில் விழுந்திருந்த முடியைத் தட்டிவிட்டாள். "இருந்துச்சு. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். முடியெல்லாம் கொட்டி, தண்ணி குடிச்சாலும் வாந்தியா வந்துச்சே, அப்ப ஒவ்வொருத்தர் மேலயும் கோபம் வந்துச்சு. டாக்டர் மேல, நல்லாத் தூங்கற பக்கத்து வீட்டுக்காரி மேல, உன் மேலயும்தான். ஒரு வருஷம் இருந்திருக்கும். அப்புறம் முடி முளைச்சுது. உன் தலையைப் பாத்தேன், காடு மாதிரி கிடந்துச்சு. இவளுக்கு வெட்டிவிடணுமேன்னு தோணிச்சு. கோபம் எப்பப் போச்சுன்னு கவனிக்கல."

மருந்தம்மா அழுதுகொண்டிருந்தாள். வியர்வையும் அதுவும் சேர்ந்து ஒழுகியது.

"இன்னொண்ணு கேளு" என்றாள் அக்கா. "அன்னைக்கு நீ எதையும் மறைக்கல. அந்த எடை மெஷின் மேல என்னை ஏத்திவிட்டு, ஆயிரம் பேர்ல எத்தனை பேருன்னு எல்லாம் சொன்ன. நான் கேட்டுட்டுத்தான் வாங்கிட்டுப் போனேன். அந்த நாலு வருஷம் நான் மனுஷியா இருந்தேன்டி. தூங்கினேன், கடை நடத்தினேன், யாரோட காதையும் அறுக்கல. என் உடம்பு, நான் எடுத்த முடிவு. எவ்வளவோ போச்சு என்கிட்டேருந்து. அந்த முடிவையாவது என்கிட்ட விட்டு வை. அதையும் நீ தூக்கிட்டுப் போகாத."

பிறகு தங்கை விரிப்புக்கு அடியிலிருந்து கையை நீட்டி, கைப்பையைக் காட்டினாள்.

"அதுல ஒரு டப்பா இருக்கு."

அக்கா எடுத்தாள். தூரத்தில் பிடித்துப் படித்தாள். "தேதி போட்டு ரெண்டு வாரத்துக்கு மேல ஆயிருக்கு. பிரிக்கவே இல்ல. இதே காரியத்தை நான் பண்ணியிருந்தா என்னை என்ன பாடு படுத்தியிருப்ப!" டப்பாவைக் கிழித்து, ஒரு உறையை எடுத்தாள். "எங்க ஒட்டணும்?"

"குடு, நானே ஒட்டிக்கறேன்."

"நீ இப்ப வாங்க வந்தவ. வாயை மூடிக்கிட்டு எங்கன்னு மட்டும் சொல்லு."

"இடுப்புக்குக் கீழ, பின்பக்கமா. ஈரம் இல்லாம துடைச்சுட்டு. அந்த ஒட்டற பக்கம் உன் கையில படவே கூடாதுக்கா, அதுலதான் மருந்து இருக்கு, உனக்கு ஆகாது. ஓரத்தைப் பிடிச்சு..."

"தெரியும்டி, தெரியும்."

தெரிந்தது சரி, விரல் ஒத்துழைக்கவில்லை. மெல்லிய தாள் மரத்த நுனிகளில் சிக்காமல் வழுக்கியது. ஒருமுறை கீழே விழுந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, முடி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். மூன்றாவது முயற்சியில் பாதித் தாள் உரிந்தது. தங்கை கை நீட்டவில்லை. புடவைக் கொசுவத்தைத் தளர்த்தி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றாள். அக்கா துடைத்து, ஒட்டி, மீதித் தாளை உருவி, முழு உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்தினாள். விரல்களைப் போலில்லை, உள்ளங்கை சூடாக இருந்தது.

"எவ்வளவு நேரம்?"

"பத்து எண்ணு."

அக்கா எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு என்று தெளிவாகத்தான் வந்தது. ஆறுக்குப் பிறகு குரல் இழுத்தது. ஏழு வரவில்லை. முதுகுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கை மட்டும் வைத்த இடத்தை விட்டு நகரவில்லை.

"கணக்கு விட்டுப்போச்சுடி" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் அழுத்தி, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள் அக்கா.